வாயுவைத் தேடிப் போய்த் திரவத்தைக் கண்ட கதை



இன்று நான் பேச வந்திருக்கும் பொருளை எந்தக் கருவியும் நேரடியாகப் பார்த்ததில்லை. குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்று அதற்குப் பெயர். இரண்டு கனமான அணுக்கருக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் மோதவிட்டால் அது உண்டாகிறது. சில 10⁻²³ நொடிகளில் விரிந்து, குளிர்ந்து, சாதாரணத் துகள்களாக உறைந்து மறைந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் ஒளிகூட ஓர் அணுக்கருவின் அகலத்தைத்தான் கடக்க முடியும். நாம் கட்டி வைத்திருக்கும் உணர்கருவிகளில் மிக நெருக்கமான அடுக்குகூட மோதல் நடக்கும் இடத்திலிருந்து சில மில்லிமீட்டராவது தள்ளித்தான் இருக்கிறது. துகள்கள் அங்கே வந்து சேர்வதற்கு வெகு முன்பே பிளாஸ்மா இல்லாமல் போய்விடுகிறது.

ஆனாலும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் உறுதியாகச் சொல்கிறோம்: அது திரவம். அதன் வெப்பநிலை இவ்வளவு, பாகுத்தன்மை இவ்வளவு என்று எண்களும் தருகிறோம். எந்த உரிமையில்? இந்த மாலையில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அபூர்வமான ஏதோ ஒரு துகள் கையில் சிக்கியதால் இதை நாம் அறியவில்லை. மிகச் சாதாரணமான ஆயிரக்கணக்கான துகள்கள் எந்தெந்தத் திசையில் போயின என்று, முடிந்தவரை ஒன்றுவிடாமல் குறித்து வைத்ததால் அறிந்தோம்.

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை, குளுவான்கள் அவற்றைப் பிணைக்கின்றன என்பதை மாணவர்கள் படித்திருப்பீர்கள். தனிக் குவார்க்கை வெளியே இழுத்துவர முடியாது. 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு என்று காட்டினார்கள்: மிக நெருக்கத்தில், மிக உயர்ந்த ஆற்றலில், அந்தப் பிணைப்பு விசை தளர்கிறது. 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு வந்து இரண்டே ஆண்டுகளில், 1975இல், காலின்ஸும் பெர்ரியும் ஒரு பக்கமும், கபிபோவும் பரீசியும் இன்னொரு பக்கமும் அடுத்த முடிவுக்கு வந்தார்கள். போதிய சூடோ அடர்த்தியோ இருந்தால் புரோட்டான் என்ற கட்டே கரைந்துவிடும், குவார்க்குகள் அவிழ்ந்து உலவும். வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்து மீக்கணினிகளில் போட்ட கணக்குகள், அந்த மாற்றம் சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரியில் நடக்கும் என்கின்றன. சூரியனின் மையத்தைவிட இது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். பெருவெடிப்புக்குப் பின் முதல் சில மைக்ரோ நொடிகள் பிரபஞ்சம் முழுவதும் இந்த நிலையில்தான் இருந்தது.

விசை தளரும் என்றால், குவார்க்குகள் ஒன்றையொன்று பெரிதாகப் பொருட்படுத்தாமல் திரியும் வாயு ஒன்று கிடைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். இந்த எதிர்பார்ப்பை நினைவில் வையுங்கள்.

இப்போது மோதலுக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரிக் என்ற மோதுவி 2000ஆம் ஆண்டு ஜூனில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் எல்.எச்.சி. மோதுவி 2010 நவம்பரில் காரீய அணுக்கருக்களோடு இந்த வேலையைத் தொடங்கியது. அதற்கு முன் 1980களில் கலிஃபோர்னியாவின் பெவலாக்கிலும், 1990களில் செர்னின் எஸ்.பி.எஸ். முடுக்கியிலும் நடந்த சோதனைகளில் அசையாத இலக்கின்மீது கற்றையைப் பாய்ச்சினார்கள். புதிய ஒரு பருப்பொருள் நிலைக்குச் சான்றுகள் தெரிகின்றன என்று 2000 பிப்ரவரியிலேயே செர்ன் அறிவித்திருந்தது. இரண்டு கற்றைகளை எதிரெதிராக ஓடவிடும்போது கிடைக்கும் ஆற்றல் வேறு தரத்தது. எல்.எச்.சி.யில் ஒரு நியூக்ளியான் (அதாவது புரோட்டான் அல்லது நியூட்ரான்) இணைக்கு 5 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்.

செர்னில் காரீயத்தின் பயணம் ஒரு சிறு அடுப்பில் தொடங்குகிறது. தூய காரீயம்-208 ஐசோடோப்பைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். முதலில் சில எலக்ட்ரான்களை உரிக்கிறார்கள். முடுக்கி மாற முடுக்கி மாற மேலும் உரித்து, கடைசியில் 82 எலக்ட்ரான்களும் போய் வெறும் அணுக்கரு மட்டும் மிஞ்சும். முழு வேகத்தில் ஓடும்போது, நம் ஆய்வகத்தில் நின்று பார்த்தால், அந்தக் கோளம் ஓடும் திசையில் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் சுருங்கி மெல்லிய தட்டாகிவிடும். அப்படி இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகின்றன. அவை விலகிய பின் நடுவில் எஞ்சி நிற்பதுதான் நாம் தேடும் பொருள்.

எல்லா அணுக்கருக்களும் மோதுவதில்லை. பல உரசாமல் கடந்துபோகும். அப்படிப் போகும்போதும் ஒன்றின் மின்புலம் இன்னொன்றைப் பலமாகத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் காரீயத்திலிருந்து மூன்று புரோட்டான்கள் உதிர்ந்தால் மிஞ்சுவது 79 புரோட்டான்கள் கொண்ட தங்கம். மோதல் புள்ளியிலிருந்து இருபுறமும் 112.5 மீட்டர் தொலைவில், கற்றையின் நேர்க்கோட்டிலேயே வைத்திருக்கும் ஆற்றல்மானிகளால், எல்.எச்.சி.யின் சோதனைகளில் ஒன்றான ஆலிஸின் குழு இதை அளந்து 2025இல் வெளியிட்டது. 2015 முதல் 2018 வரை எல்.எச்.சி.யில் உண்டான தங்க அணுக்கருக்கள் சுமார் 8,600 கோடி. எடையில் சொன்னால், ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் 29 பங்கு. அவையும் குழாய்ச் சுவரில் மோதிச் சிதறிவிடுகின்றன. சித்தர்கள் பெயரால் வழங்கும் ரசவாதக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி மனத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை நான் சொல்வதற்குக் காரணம் வேறு: உரசாமல் போன அணுக்கருக்களையும் கணக்கில் வைக்கும் கவனம் இந்தத் துறையின் இயல்பு.

நேருக்கு நேரான ஒரு காரீய மோதலில் வெளிவரும் மின்னூட்டத் துகள்கள் இருபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை பயான்கள், மிகச் சாதாரணமானவை, மெதுவானவை. ஹிக்ஸ் போசானைத் தேட அமைத்த அட்லஸ், சி.எம்.எஸ். போன்ற கருவிகளின் முதல் அக்கறை வேறு. கோடிக்கணக்கான மோதல்களில் அரிதாக வரும், பேராற்றலோடு பாயும் சில துகள்களை விட்டுவிடக்கூடாது என்று அவற்றை வடிவமைத்தார்கள். அதனால் அவற்றின் காந்தங்கள் பலமானவை. ஆலிஸ் கருவியோ எளிய துகள்களின் பெருந்திரளை ஒவ்வொன்றாகப் பிரித்தறியக் கட்டியது. 10,000 டன் எடை, 26 மீட்டர் நீளம், 16 மீட்டர் உயரம். தரைக்கு 56 மீட்டர் கீழே இருக்கிறது. முன்பு எல்3 என்ற சோதனையில் வேலை செய்த பழைய காந்தத்தையே அதற்கு அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதன் காந்தப்புலம் அரை டெஸ்லா மட்டுமே. மெதுவான துகள்கள் சுருண்டு உள்ளேயே நின்றுவிடாமல் வெளியே வர அதுதான் பொருத்தம். பலவீனமான காந்தம் இங்கே குறை அல்ல, தேர்வு.

ஆலிஸின் இதயம் டி.பி.சி. என்று நாங்கள் சொல்லும் டைம் புரொஜெக்ஷன் சேம்பர். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1974இல் டேவிட் நைக்ரன் பெர்க்லியில் எண்ணிய யோசனை. ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் விட்டமும் உள்ள ஓர் உருளை; உள்ளே பெரும்பாலும் நியான் வாயு. நடுவில் ஒரு மெல்லிய திரைக்கு 100 கிலோவோல்ட் மின்னழுத்தம் கொடுத்திருக்கிறார்கள். மின்னூட்டத் துகள் ஒன்று ஊடே ஓடினால் வழியெங்கும் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துவிட்டுப் போகும். அந்த எலக்ட்ரான்கள் மின்புலத்தில் ஒரே சீரான வேகத்தில் இரு முனைகளுக்கும் நகர்கின்றன. முனைத்தட்டில் அவை வந்து விழும் இடம் இரண்டு ஆயங்களைத் தருகிறது. வந்து சேர எடுத்த நேரம் மூன்றாவதைத் தருகிறது. ஆக, துகள் போன பாதை முழுவதும் முப்பரிமாணத்தில் கிடைத்துவிடுகிறது. பாதை வளைந்திருக்கும் அளவிலிருந்து உந்தம், விட்டுச்சென்ற எலக்ட்ரான்களின் எண்ணிக்கையிலிருந்து துகளின் வகை.

எலக்ட்ரான்களின் நகர்வு வேகம் சீராக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வேகமோ வாயுவின் வெப்பநிலையைப் பொறுத்தது. ஆகவே அந்தப் பெரிய உருளைக்குள் இடத்துக்கு இடம் வெப்பநிலை 0.1 டிகிரிக்கு மேல் மாறக்கூடாது. லட்சம் கோடி டிகிரியை அளக்கும் கருவி டிகிரியில் பத்தில் ஒரு பங்கைக் காத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

எலக்ட்ரான்கள் முனைக்கு வந்து சேர 90 மைக்ரோ நொடிவரை ஆகிறது. முதல் பத்தாண்டில் முனைத்தட்டுகளில் இருந்தவை கம்பி அறைகள். ஜார்ஜ் ஷார்பாக் 1968இல் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற நுட்பம். கம்பிகளுக்கு அருகே எலக்ட்ரான்கள் பெருகும்போது நேர் அயனிகளும் உண்டாகும். அவை பின்னோக்கி வந்து மின்புலத்தைக் கோணலாக்காமல் இருக்க ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் ஒரு மின்கதவை மூடி வைக்க வேண்டியிருந்தது. கதவு மூடியிருக்கையில் நடக்கும் மோதல்கள் எல்லாம் இழப்பு. 2019க்கும் 2021க்கும் இடையே நடந்த பெரும் மாற்றத்தில் கம்பிகளை எடுத்துவிட்டு, மயிரிழைத் துளைகள் நிறைந்த ஜெம் படலங்களை நான்கு அடுக்குகளாக வைத்தார்கள். ஃபாபியோ சவுலி செர்னில் உருவாக்கிய படலங்கள் அவை. அயனிகளில் நூற்றில் ஒரு பங்கும் இப்போது பின்னே வருவதில்லை. கதவே தேவையில்லை, கருவி இடைவிடாமல் பதிவு செய்துகொண்டே இருக்கிறது.

இதன் விளைவு என்ன? நொடிக்கு 50,000 காரீய மோதல்கள் நடந்தால் இரண்டு மோதல்களுக்கு இடையே சராசரியாக 20 மைக்ரோ நொடிதான். எலக்ட்ரான்கள் முனைக்கு வர 90 மைக்ரோ நொடி. எனவே எந்த நேரத்திலும் நாலைந்து மோதல்களின் தடங்கள் அந்த வாயுவுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக மிதந்துகொண்டிருக்கும். எந்தத் தடம் எந்த மோதலுக்கு உரியது? அதைப் பிரிக்க, மையத்தில் 1,250 கோடி பிக்சல்கள் கொண்ட ஏழு அடுக்குச் சிலிக்கான் கருவி ஒன்றும், பிக்கோ நொடிக் கணக்கில் நேரம் குறிக்கும் கருவிகளும் துணை நிற்கின்றன. நொடிக்கு மூன்று டெராபைட்டுக்கும் மேலான தரவு வெளியேறுகிறது. எந்த மோதல் சுவையானது என்று முன்கூட்டித் தேர்ந்தெடுத்து மற்றவற்றை எறியும் வழக்கம் இங்கே இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பிறகு சுருக்குகிறார்கள். சாதாரணத் துகள்களில்தான் பதில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் வேறு எப்படி ஒரு கருவியைக் கட்டுவார்கள்?

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்ல ரிக்குக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு அணுக்கருக்கள் எப்போதும் மையத்துக்கு மையம் மோதுவதில்லை. சற்று விலகி மோதினால் இரு வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதி வில்லை வடிவில், ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் இருக்கும். அந்தப் பகுதியில் உண்டானது ஒன்றையொன்று தொடாத துகள்களின் வாயு என்றால், வில்லையின் வடிவம் அவற்றுக்குத் தெரியப்போவதில்லை. எல்லாத் திசைகளிலும் சமமாகப் பறக்கும். உண்டானது நெருங்கி உரசும் பாய்மம் என்றால் கதை வேறு. குறுகிய பக்கத்தில் அழுத்தம் செங்குத்தாகச் சரிகிறது. அந்தத் திசையில் பாய்மம் பலமாகத் தள்ளப்படும். அங்கே அதிகத் துகள்கள் வெளிவரும். இதை நீள்வட்டப் பாய்வு என்கிறோம். இதைத் தேட வேண்டும் என்று 1992இல் வாதிட்டவர் பிரான்சின் ஜான்-ஈவ் ஒலித்ரோ.

ரிக் தொடங்கிய சில மாதங்களிலேயே அங்கிருந்த ஸ்டார் என்ற சோதனைக் குழு இதை அளந்து வெளியிட்டது. பாய்வு இருந்தது, அதுவும் பலமாக இருந்தது. பாகுத்தன்மையே இல்லாத பாய்மம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கை ஏறத்தாழத் தொட்டது. வாயு என்ற எதிர்பார்ப்பு அங்கேயே ஆட்டம் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் துகள் வகைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு குவார்க்குகளால் ஆன பயான், கேயான் ஒரு கோட்டிலும், மூன்று குவார்க்குகளால் ஆன புரோட்டான், லாம்டா இன்னொரு கோட்டிலும் சென்றன. பாய்வையும் உந்தத்தையும் குவார்க் எண்ணிக்கையால் வகுத்தபோது எல்லாம் நெருங்கி ஒரே கோட்டுக்கு வந்தன. பாய்ந்தவை பயான்களும் புரோட்டான்களும் ஆவதற்கு முன்பே குவார்க்குகளாகப் பாய்ந்திருக்கின்றன என்று இதைப் படிக்கலாம். இந்த ஒரு வரைபடத்தை மாணவர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். கட்டவிழ்ந்த குவார்க்குகளின் கையெழுத்துக்கு இதைவிட நெருக்கமாக நான் எதையும் பார்த்ததில்லை.

2005 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் ரிக்கின் நான்கு குழுக்களும், ஸ்டார், ஃபீனிக்ஸ், ஃபோபோஸ், பிராம்ஸ், தங்கள் முடிவை முன்வைத்தன: கிடைத்தது வாயு அல்ல, ஏறத்தாழக் குறையற்ற திரவம். இங்கே ஒரு விளக்கம் தேவை. பாகுத்தன்மையைத் தனியாக எடுத்தால் இந்தப் பொருளின் எண் மிகப் பெரியது, தேனோ தாரோ பக்கத்தில் வர முடியாது. ஆனால் அதன் அடர்த்தியும் சூடும் அத்தனை அதிகம். எவ்வளவு இலகுவாகப் பாய்கிறது என்று ஒப்பிட, பாகுத்தன்மையை என்ட்ரோபி அடர்த்தியால் வகுக்க வேண்டும். அந்த விகிதம் நீரைவிடவும் திரவ ஹீலியத்தைவிடவும் குறைவு. கோவ்துன், சோன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் இழைக் கோட்பாட்டு வழியில் இந்த விகிதத்துக்கு ஒரு கீழ் எல்லை இருக்கக்கூடும் என்று முன்மொழிந்திருந்தார்கள். அளந்த மதிப்பு அந்த எல்லையின் இரண்டு மூன்று மடங்குக்குள் நிற்கிறது.

இவ்வளவு தெளிவாகச் சொன்னதால், எல்லாம் முதல் பார்வையிலேயே புரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். துகள்களை இரண்டிரண்டாக எடுத்து அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைக் குறித்தபோது ரிக்கில் புரியாத மேடுகள் தெரிந்தன. ஒரே திசையில் கூட்டமாகப் பாயும் துகள் தாரைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. பல ஆண்டுகள் இதற்குப் பலவிதமான விளக்கங்கள் வந்தன. திரவத்தில் ஒலியைவிட வேகமாக ஓடும் குவார்க் எழுப்பிய அதிர்ச்சிக் கூம்பு என்பது அவற்றில் மிகவும் கவர்ச்சியானது. 2010இல் ஃபோபோஸ் குழுவின் புராக் ஆல்வரும் குந்தர் ரோலண்டும் எளிய ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். வில்லை வடிவம் இருபுறமும் ஒத்திருப்பதால் முக்கோணப் பாய்வு பூஜ்யம் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம். ஆனால் அணுக்கரு வழுவழுப்பான கோளம் அல்ல. இருநூறு நியூக்ளியான்கள் மோதலுக்கு மோதல் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. மோதும் பகுதி ஒருமுறை முக்கோணமாகச் சாயும், இன்னொரு முறை வேறாகச் சாயும். அந்த மேடுபள்ளங்களைத் திரவம் அப்படியே கடைசித் துகள்வரை சுமந்து வருகிறது. மேடுகளில் பெரும்பகுதி அதனால்தான். கவர்ச்சியான கூம்பை எங்கள் துறை விரைவிலேயே கைவிட்டது. முக்கோணப் பாய்வு பாகுத்தன்மைக்கு இன்னும் கூர்மையான அளவுகோலாக ஆனது. எங்கள் துறையின் மிக அழகான திருப்பமாக இதைத்தான் சொல்வேன். புதிதாக எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. பதிவு செய்து வைத்த துகள்களிலேயே பதில் காத்திருந்தது.

தாரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரு குவார்க்குகள் கடுமையாக மோதித் தெறித்தால் எதிரெதிர்த் திசையில் இரண்டு துகள் தாரைகள் எழும். ஒன்று பிளாஸ்மாவின் ஊடே நெடுந்தூரம் போக வேண்டியிருந்தால் ஆற்றலை இழக்கும் என்று 1982லேயே பியோர்க்கன் எழுதினார். ரிக்கில் உயர் உந்தப் பயான்கள் எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்தன. ஆனால் இதற்கு வேறு காரணமும் இருக்கலாம்: வேகமாக ஓடும் அணுக்கருவுக்குள் குளுவான்களே தொடக்கத்தில் குறைவாக இருந்திருக்கலாம். எப்படிப் பிரித்தறிவது? தங்கத்தோடு தங்கத்தை மோதாமல் டியூட்டிரானை மோதவிட்டார்கள். தங்க அணுக்கரு அப்படியே இருக்கும், பெரிய பிளாஸ்மா மட்டும் இருக்காது. 2003இல் முடிவு வந்தது: குறைவு காணோம். பயான்களைத் தின்றது பிளாஸ்மாதான். 2010 நவம்பரில் எல்.எச்.சி. காரீய மோதலைத் தொடங்கி மூன்று வாரத்துக்குள் அட்லஸ் குழு, ஒரு தாரை முழு ஆற்றலோடும் எதிர்த்தாரை தேய்ந்தும் இருந்த நிகழ்வுகளைக் காட்டிக் கட்டுரை அனுப்பியது. காணாமல்போன ஆற்றல் எங்கே என்று சி.எம்.எஸ். குழு தேடியது. அகன்ற கோணங்களில் சிதறிய மெதுவான துகள்களில் கிடைத்தது. மறுபடியும் அந்தச் சாதாரணக் கூட்டம்!

ஜே-சை துகளின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இணைந்த துகள் அது. பிளாஸ்மாவில் அந்த இணைப்பு அறுந்துபோகும், ஆகவே ஜே-சை குறைந்தால் பிளாஸ்மா உண்டு என்று 1986இல் மட்சுயியும் சாட்ஸும் கணித்தார்கள். எஸ்.பி.எஸ்.இல் குறைந்தது. ரிக்கில் குறைந்தது. எல்.எச்.சி.யில் சூடு இன்னும் அதிகம், எனவே இன்னும் குறைய வேண்டும். குறையவில்லை, ரிக்கில் மிஞ்சியதைவிட அதிகம் மிஞ்சியது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப் பிரிந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அப்படி ஒரே ஒரு சோடிதான் உண்டு என்றால் திரும்பச் சேர்வது அரிது. பிரிந்த சோடிகள் நூறு இருந்து, யார் கையை யார் பிடித்தாலும் சரி என்றால், கூட்டம் கலையும்போது பல சோடிகள் சேர்ந்துதான் வெளியே வரும். எல்.எச்.சி.யின் ஒரு நடுமோதலில் சார்ம் இணைகள் ஏறத்தாழ நூறு உண்டாகின்றன. ஓர் இணையில் பிறந்த குவார்க் வேறோர் இணையின் எதிர்க்குவார்க்கோடு சேர்ந்துகொள்கிறது. பிரவுன்-முன்சிங்கரும் யோஹன்னா ஷ்டாஹலும் 2000ஆம் ஆண்டிலேயே இதை எதிர்பார்த்திருந்தார்கள். ஆலிஸ் அளந்து காட்டியது. குவார்க்குகள் பிளாஸ்மாவுக்குள் தங்கள் பழைய துணையை மறந்து உலவுகின்றன என்பதற்கு, துகள் குறைந்ததைவிட அது மீண்டதே வலுவான சான்று என்பது என் கருத்து.

இந்த வேலையில் நம் நாட்டின் பங்கைப் பற்றி மாணவர்கள் அடிக்கடிக் கேட்கிறார்கள். கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தில் பிகாஷ் சின்ஹா இந்தத் துறைக்கு இங்கே வேரூன்ற இடம் கொடுத்தார். அங்கே மையம்கொண்ட இந்தியக் குழுக்கள் ஃபோட்டான்களின் எண்ணிக்கையை அளக்கும் கருவி ஒன்றைக் கட்டின. எஸ்.பி.எஸ். சோதனைகளில் தொடங்கி, பின் ரிக்கின் ஸ்டாரிலும் எல்.எச்.சி.யின் ஆலிஸிலும் அந்த வகைக் கருவி வேலை செய்தது. ஆலிஸின் மியூயான் கருவிக்கு வேண்டிய மானஸ் என்ற சில்லைக் கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் வடிவமைத்தது. சண்டிகருக்கு அருகே இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் தயாரித்தது. 2017இல் இந்தியா செர்னின் இணை உறுப்பினர் ஆனது. அதற்கு வெகு முன்பே நம்முடைய கைகளில் செய்த சில்லுகளின் வழியாக இந்தத் துகள்களின் செய்தி கடந்து போயிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குள் எழும் பெருமையை மறைக்க நான் விரும்பவில்லை.

கடைசியாக, இன்னும் தீராத ஒரு சிக்கல். பிளாஸ்மா என்பது பெரிய அணுக்கருக்களுக்கு உரியது, புரோட்டான்-புரோட்டான் மோதல் ஒப்பிடுவதற்கு மட்டும் என்று இருந்தோம். 2010இல் சி.எம்.எஸ். குழு, மிக அதிகத் துகள்கள் வெளிவந்த புரோட்டான்-புரோட்டான் மோதல்களில் பாய்வைப் போன்ற ஓர் ஒழுங்கைக் கண்டது. பிறகு புரோட்டான்-காரீய மோதல்களிலும் அதுவே இன்னும் பலமாகத் தெரிந்தது. 2017இல் ஆலிஸ் வெளியிட்ட முடிவில், பிளாஸ்மாவின் அடையாளமாகக் கருதிய ஸ்ட்ரேஞ்ச் குவார்க் பெருக்கமும் புரோட்டான் மோதல்களிலேயே படிப்படியாக ஏறியது. அப்படியானால் இரண்டு புரோட்டான்கள் மோதினாலும் திரவத் துளி உண்டாகிறதா? பாய்வு தெரிகிறது. ஆனால் அங்கே தாரைகள் தேய்வதாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. பாய்ந்தால் தேய வேண்டாமா?

இடையில் நிற்கும் ஒன்று வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் எல்.எச்.சி.யில் முதன்முறையாக ஆக்சிஜனோடு ஆக்சிஜனையும், பிறகு நியானோடு நியானையும் மோதவிட்டார்கள். 16 நியூக்ளியான்கள், 20 நியூக்ளியான்கள். காரீயத்தின் 208க்குப் பக்கத்தில் மிகச் சிறியவை. நியான் அணுக்கரு உருண்டையாக இல்லாமல் நீண்டிருக்கும் என்று அணுக்கரு இயற்பியலார் வேறு வழியில் கணித்திருந்தார்கள். நியான் மோதலில் நீள்வட்டப் பாய்வு ஆக்சிஜனைவிடக் கூடுதலாக வந்தது. அத்தனை சிறிய துளியும் தன் தொடக்க வடிவத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஆக்சிஜன் மோதலில் உயர் உந்தத் துகள்கள் குறைவதையும் சி.எம்.எஸ். குழு கண்டது.

எனவே ஆக்சிஜன்வரை பாய்வும் தேய்வும் சேர்ந்தே இருக்கின்றன. புரோட்டான்-காரீயத்தில் பாய்வு மட்டும் தெரிகிறது. துளி எத்தனை சிறியதாகும்வரை அதைத் திரவம் என்று அழைக்கலாம், ஆக்சிஜனுக்கும் புரோட்டானுக்கும் நடுவே அந்த எல்லை எங்கே விழுகிறது, அல்லது எல்லை என்று ஒன்று இல்லையா என்பதுதான் இப்போது எங்கள் முன் இருக்கும் வேலை. இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர் முனைவர் பட்டத்துக்கு வரும்போதும் அந்தத் தரவு மேசையில்தான் இருக்கும்.

உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.